சர்வர் இன்றிரவு படுத்துவிட்டால் நாளைக் காலை பில் போட முடியுமா?

பழைய பில்லிங் சிஸ்டத்தை மாற்றலாமா என்ற பேச்சு எழுந்ததும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை வருஷம் ஆச்சு?" என்பதுதான். வயதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். பத்து வருஷமான சிஸ்டம் இன்னும் மூன்று வருஷம் நிம்மதியாக ஓடலாம். நான்கே வருஷமான ஒன்றை அடுத்த மாதமே இறக்கவேண்டி வரலாம். நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப எழுப்ப முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கடையின் டேட்டா முழுவதையும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் இன்றிரவு படுத்தாலும், நாளை கடை திறப்பதற்குள் வேறொரு மெஷினில் அதே ஸ்டாக், அதே விலை, அதே கடன் பாக்கிகளோடு பில் போட முடியும் என்றால், மாற்றத்தை உங்கள் வசதிப்படி தள்ளிவைக்கலாம். முடியாது என்றால் மாற்றும் தேதியை இப்போதே குறித்தாகவேண்டும். நீங்கள் குறிக்காவிட்டால் அந்த ஹார்ட் டிஸ்க் குறித்துவிடும்.

இதைப் பேசித் தெரிந்துகொள்ள முடியாது, செய்து பார்க்கவேண்டும். ஒருநாள் கடை அடைத்தபிறகு அன்றைய பேக்கப்பை ஒரு பென் டிரைவில் எடுங்கள். கடையில் இதுவரை பயன்படாத ஒரு கம்ப்யூட்டரில் பில்லிங் சாஃப்ட்வேரை முதலிலிருந்து நிறுவி, பேக்கப்பை ஏற்றி, ஒரு பில் போட்டு அச்சடித்து, கல்லாப்பெட்டி திறக்கிறதா என்று பாருங்கள். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒரேமாதிரியானவை. நிறுவும் ஃபைலே கையில் இருக்காது. லைசென்ஸ் பழைய ஹார்ட் டிஸ்க்கின் எண்ணோடோ, பேரலல் போர்ட்டில் (பழைய பிரின்டர் துளை) செருகிய டாங்கிள் என்ற சாவிக்கட்டையோடோ கட்டப்பட்டிருக்கும். புதிய மெஷினில் அந்த போர்ட்டே இருக்காது. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அதை எழுதிக்கொடுத்தவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். பேக்கப் ஃபைல் தினமும் உருவாகிக்கொண்டிருக்கும், ஆனால் மாதக்கணக்கில் அதன் அளவு ஒரு துளிகூட மாறியிருக்காது. பில்கள் ஏறிக்கொண்டிருக்கும் கடையில் பேக்கப்பின் அளவு அப்படியே நின்றால், பழைய ஃபோல்டரையே திரும்பத் திரும்ப நகல் எடுக்கிறது என்று பொருள்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் புரோகிராம்களை இன்னும் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இவை போன்ற 16-பிட் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே பழைய மெஷின் போனால் கடையில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்து நிறுவும் வழி அடைபட்டுவிட்டது. டாஸ்பாக்ஸ் (டாஸைப் போலவே நடிக்கும் புரோகிராம்) அல்லது விர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டலாம். ஆனால் இரண்டு மூன்று கவுண்டர்கள் ஒரே ஃபைலைப் பகிரும்போது ரெக்கார்டு பூட்டு (ஒரே பதிவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுப்பது) சரியாக வேலை செய்கிறதா, பழைய பிரின்டர் போர்ட்டான எல்பிடி1-க்குப் போகும் அச்சு யுஎஸ்பி பிரின்டருக்கு வருகிறதா என்று தனித்தனியாகச் சோதிக்கவேண்டும். இது தற்காலிக ஊன்றுகோல். இதன்மேல் அடுத்த ஐந்து வருஷத்தைக் கட்டக்கூடாது.

மாற்றுவதற்கு முன் மலிவான பழுதுகள்

"ஸ்லோவாக இருக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காக முழு சிஸ்டத்தையும் மாற்றிவிட்டு, புதியதும் அதே வேகத்தில் ஓடுவதைப் பார்த்து நொந்துபோகிற கடைகள் உண்டு. எங்கே தாமதம் என்று அளக்காமல் மாற்றியதுதான் காரணம்.

ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். பத்துப் பொருள் கொண்ட ஒரே கூடையைக் காலை கூட்டமில்லாத நேரத்தில் மூன்று முறை, மாலை நெரிசலில் மூன்று முறை பில் போடுங்கள். இரண்டு இடைவெளிகளைத் தனித்தனியாகக் குறியுங்கள்: ஸ்கேனர் 'பீப்' சத்தத்திலிருந்து பொருள் திரையில் தோன்றும்வரை ஒன்று, 'மொத்தம்' விசையை அழுத்தியதிலிருந்து பில் வெட்டுப்பட்டு விழும்வரை இன்னொன்று. எந்நேரமும் முதல் இடைவெளி நீளமாக இருந்தால் டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் கெட்டிருக்கலாம், அல்லது பல வருஷத்துப் பில்கள் ஒரே அட்டவணையில் குவிந்திருக்கலாம். பழைய வருஷங்களைத் தனி ஃபைலுக்கு நகர்த்தினாலே வேகம் திரும்பும். நெரிசலில் மட்டும் நீளமானால் நெட்வொர்க் சுவிட்சையும், அலுவலக அறையில் அதே நேரத்தில் யாராவது பெரிய ரிப்போர்ட் எடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இரண்டாவது இடைவெளி மட்டும் நீளம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் பிரின்டர் டிரைவர்தான். பில்லைப் படமாக மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கும்.

சர்வரில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றுவது ஓர் இரவு வேலை. திரும்பத் திரும்பத் தேதி பின்னோக்கிப் போகும் மெஷினுக்குத் தேவை மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி. இதைச் சில்லறைக் கோளாறு என்று விடாதீர்கள். தவறிய தேதியில் ஏறிய பில்கள் அன்றைய நாள்முடிவு ரிப்போர்ட்டில் வராது, வரிக்கணக்கிலும் தப்பிப்போகும். அச்சு மங்கினால் பிரின்டரை அணைத்து, சூடு ஆறியபின் தெர்மல் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். துடைத்தபிறகும் பில்லின் நீளவாக்கில் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஹெட்டில் ஒரு புள்ளி எரிந்துவிட்டது, ஹெட்டையே மாற்றவேண்டும். மதர்போர்டில் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மட்டும் பழுதுபார்க்க உட்காராதீர்கள். அந்த மெஷினின் நாள் எண்ணப்படுகிறது.

இத்தனை செய்தபிறகும் மிஞ்சும் தாமதத்தைக் கணக்கிடுங்கள். ஒரு பில்லுக்கு 8 வினாடி வீண், நாளைக்கு 600 பில் என்றால் 4,800 வினாடி, அதாவது 80 நிமிடம். அந்த 80 நிமிடமும் வரிசை நீளமாக இருக்கும் நேரத்தில்தான் கடிக்கும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் முதலாளியும் கணக்கரும் ஒரே பேச்சுக்கு வருவார்கள்.

உங்கள் டேட்டாபேஸின் கொள்ளளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபிக்கு மேல் வளராது. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் 2005, 2008 பதிப்புகளுக்கு 4 ஜிபி, 2008 ஆர்2 முதல் 2022 வரை 10 ஜிபி உச்சவரம்பு. வரம்பைத் தொட்ட டேட்டாபேஸ் புதிய பில்லை ஏற்காது. முன்தினம்வரை நன்றாக ஓடிய கவுண்டர் அப்படியே நிற்கும். இன்றைய அளவையும் மூன்று மாதத்துக்கு முந்தைய பேக்கப்பின் அளவையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் மாத வளர்ச்சி கிடைக்கும். மிச்சமுள்ள இடத்தை அதால் வகுத்தால் எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் கெடுக்கள்

சில தேதிகள் கடையின் கையில் இல்லை. விண்டோஸ் 7-இன் ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது, 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. கவுண்டர் மெஷின்களுக்கென்றே வந்த பிஓஎஸ்ரெடி 7-க்கு 2021 அக்டோபரிலும், விண்டோஸ் 10-இன் வழக்கமான பதிப்புகளுக்கு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தது. ஆனால் கவுண்டர் பெட்டிகளில் பல விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்போடு வந்தவை. அதில் 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி வரையும், 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரையும் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. மெஷினை ஒதுக்குமுன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 'வின்வெர்' கட்டளை ஒரு நொடியில் காட்டும். டேட்டாபேஸுக்கும் இப்படியே தேதி உண்டு: எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்கு 2024 ஜூலையும், 2016-க்கு 2026 ஜூலையும் ஆதரவின் கடைசி மாதம்.

ஆதரவு முடிந்த மறுநாள் எதுவும் நிற்காது என்பதுதான் இதில் ஆபத்து. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடுபோனபோது, திருட்டு நிரல் கவுண்டர் மெஷின்களின் மெமரியிலிருந்தே எண்களைப் பொறுக்கியது. உள்ளே நுழைந்தது குளிர்சாதனப் பணிகள் செய்த ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு வழியாக. கார்டு எண் உங்கள் பில்லிங் மெஷின் வழியாகப் போகிறதா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கார்டு மெஷின் நேராக வங்கியோடு பேசி, பில்லிங் சாஃப்ட்வேருக்கு "தொகை வந்தது" அல்லது "வரவில்லை" என்ற பதிலை மட்டும் தரும் அமைப்பாக இருந்தால், பழைய சாஃப்ட்வேரின் அபாயம் பெருமளவு குறையும். கீபோர்டோடு ஒட்டிய பட்டையில் கார்டைத் தேய்க்கும் அமைப்பு இன்னும் இருந்தால் மற்ற யோசனைகளை நிறுத்திவிட்டு அதை முதலில் அகற்றுங்கள். கார்டு பாதுகாப்பு விதியான பிசிஐ டிஎஸ்எஸ் 4-ஆம் பதிப்பில் ஒத்திவைக்கப்பட்டிருந்த கட்டாயங்களும் 2025 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆதரவு முடிந்த மெஷினில் கார்டு எண்ணைக் கையாள்வதை அந்த விதிகளின்படி நியாயப்படுத்துவது கடினம்.

மாற்றும்வரை பழைய மெஷினை வேலிபோட்டு வைக்கலாம். தனி விலான் (மற்ற மெஷின்களிலிருந்து பிரித்த நெட்வொர்க்), பிரவுசர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, பென் டிரைவுக்குத் தடை, குறிப்பிட்ட புரோகிராம்கள் மட்டும் ஓட அனுமதி, தொலைவிலிருந்து இணைக்கும் சாஃப்ட்வேர் தேவைப்படும்போது மட்டும் திறப்பு. ஆறு மாதத்துக்கு இது தாங்கும்.

பார்கோடு பக்கமும் ஒரு தேதி நெருங்குகிறது. 2027 முடிவுக்குள் கடைக் கவுண்டர்கள் கியூஆர் போன்ற 2டி குறியீடுகளையும் படிக்கத் தயாராகவேண்டும் என்று பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. ஒற்றைச் சிவப்புக் கோடு வீசும் லேசர் ஸ்கேனரால் கியூஆர் சதுரத்தைப் படிக்க முடியாது. படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வகை ஸ்கேனர் வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், இமேஜர்கள் பழைய கோடு பார்கோடையும் படிக்கும், பழைய சாஃப்ட்வேரோடும் வேலை செய்யும். ஆகவே இனி ஸ்கேனர் கெட்டால் லேசரை வாங்காதீர்கள். சாஃப்ட்வேர் பக்கச் சிக்கல் வேறு: அந்தச் சதுரத்துக்குள் பொருள் எண்ணோடு தொகுதி எண், காலாவதித் தேதி, இணைய முகவரி எல்லாம் சேர்ந்து வரலாம். 13 இலக்கத்துக்கு மட்டும் இடம் வைத்த பழைய புரோகிராம் முழுச் சரத்தையும் பொருள் எண்ணாக எடுத்துக்கொண்டு "பொருள் இல்லை" என்று சொல்லும்.

முடிவெடுக்க ஒரு நோட்டு

ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு நோட்டு, நான்கு பத்தி: நேரம், என்ன நடந்தது, எத்தனை நிமிடம் நின்றது, எப்படிச் சரியானது. 30 நாள் எழுதச்சொல்லுங்கள். கடைசிப் பத்தியில்தான் உண்மை தெரியும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம்" என்றே நிரம்பியிருந்தால் மெஷின் அல்லது மின்சாரம். "சாஃப்ட்வேர்காரருக்குப் போன் செய்தோம்" என்றே இருந்தால், உங்கள் கடை ஒரே ஒருவரின் நினைவில் ஓடுகிறது. "பேப்பரில் எழுதி ராத்திரி ஏற்றினோம்" என்பது மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்தால் இனி யோசிக்க ஒன்றுமில்லை. "விலை தப்பு", "பெயர் தப்பு" என்பவை அதிகமென்றால் மாற்றவேண்டியது பொருள் பட்டியலை. புதிய சிஸ்டம் அந்தக் குப்பையை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

காலத்தைப் பொறுத்தவரை, விற்பனை உச்சத்துக்கு முந்தைய ஆறு வாரத்திலும் கணக்கு வருஷம் முடியும் மாதத்திலும் கைவைக்காதீர்கள். ஸ்டாக் எண்ணும் நாளுக்கு மறுநாள், வாரத்தின் நடுவில், சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஆட்கள் போனை எடுக்கும் நாளாகப் பாருங்கள்.

டேட்டாவை நகர்த்தும்போது

மாற்றத்தில் முறியும் இடம் பெரும்பாலும் இதுதான், அதனால் சற்று விரிவாக.

பொருள் பட்டியலைப் பழைய சிஸ்டத்திலேயே சுத்தம் செய்யுங்கள். 24 மாதமாக விற்காதவை, ஒரே பார்கோடில் இரண்டு பெயர், பெட்டியும் தனிப்பொருளும் ஒரே அலகில் குழம்பியவை எல்லாம் நகர்வதற்கு முன்பே தீரவேண்டும். பிறகு பட்டியலை எக்செலில் திறக்கும்போது கவனம்: 13 இலக்கப் பார்கோடு சாதாரண செல்லில் அறிவியல் எண் வடிவத்தில் தெரியும். அதே கோலத்தில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகி, ஆயிரக்கணக்கான பார்கோடுகள் ஒரே நொடியில் அழியும். முன்னால் பூஜ்யம் உள்ள எண்களில் அந்தப் பூஜ்யம் உதிரும். ஃபைலை இருமுறை கிளிக் செய்து திறக்காமல், இம்போர்ட் வழியாகப் பார்கோடுப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துத் திறக்கவேண்டும்.

பொருள் பெயர்களைத் தமிழில் வைத்திருப்பவர்கள், அவை பாமினி, டிஎஸ்சிஐஐ, டேம் போன்ற பழைய எழுத்துரு முறையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று 'கொ', 'சௌ', 'ஸ்ரீ' வரும் பெயர்களைக் கண்ணால் பாருங்கள். தெர்மல் பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளமைந்து வருவதில்லை. பெயர் படமாக அச்சாகும், நீள பில்லுக்கு நேரம் கூடும். வாங்குமுன் 40 பொருள் கொண்ட பில் ஒன்றை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் கடனை ஒரே மொத்தத் தொகையாக ஏற்றாமல் பில் வாரியாக ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்றினால் அடுத்த வாரம் ஒருவர் மூன்று பில்லில் ஒன்றுக்கு மட்டும் பணம் தரும்போது எதில் கழிப்பது என்று தெரியாது. சப்ளையர் பாக்கிக்கும் இதே விதி. முன்பணம், பரிசு வவுச்சர் எண்கள், சேர்ந்த பாயின்ட்கள் ஆகியவை அடிக்கடி மறந்துபோகிறவை. அதைவிட மறந்துபோவது ஒன்று உண்டு: பழைய சிஸ்டத்தில் விற்ற பொருள் மாற்றத்துக்குப் பிறகு திரும்பி வரும். உங்கள் கடையில் 30 நாள்வரை திருப்பி எடுப்பீர்கள் என்றால், கடைசி 30 நாள் பில்களைப் புதிய சிஸ்டத்தில் தேடமுடியவேண்டும். அல்லது பழைய மெஷின் ஒன்று அதுவரை கவுண்டர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். பல வருஷத்து விற்பனை வரலாறு முழுவதையும் நகர்த்தத் தேவையில்லை. அதற்காகக் கேட்கும் நேரத்தைப் பொருள் பட்டியலுக்குச் செலவழிப்பது நல்லது.

வரித்தொகையை முழுமையாக்கும் விதத்தை (ரவுண்டிங்) சோதிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1.30 விலையுள்ள மூன்று வெவ்வேறு பொருள், வரி 5 சதவீதம். பொருளுக்குப் பொருள் தனியாகக் கணக்கிட்டு மேல்நோக்கி முழுமையாக்கினால் 0.065 ஒவ்வொன்றும் 0.07 ஆகி, மொத்தம் 0.21. பில் மொத்தத்தில் கணக்கிட்டால் 3.90-க்கு 0.195, அதாவது 0.20. ஒரு பில்லில் 0.01 வித்தியாசம்; மாத முடிவில் கணக்கருக்கு அது பெரிய தலைவலி. பழைய பில்களில் தள்ளுபடி, திருப்புதல், இரண்டு விதப் பணம், எடைபோட்ட பொருள் எனக் கலந்து ஐம்பதைத் தேர்ந்தெடுத்துப் புதியதில் போடுங்கள். கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகவேண்டும், ஒத்துப்போகாத ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத்தில் இருக்கவேண்டும்.

எடைத் தராசு அச்சடிக்கும் லேபிளில் 20 முதல் 29 வரையிலான முன்னெண், அதன்பின் பொருள் எண், பிறகு எடையோ விலையோ, கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். எடையா விலையா என்பதைக் கடைதான் தீர்மானிக்கிறது. 01250 என்பதை ஒரு சிஸ்டம் 1.250 கிலோ என்றும், இன்னொன்று 12.50 விலை என்றும் படிக்கும். இரண்டுமே பார்வைக்கு நம்பும்படியான பில்லைத் தரும், ஆகவே கேஷியர் கண்டுபிடிக்கமாட்டார்.

கவுண்டரில் ஏற்றும் வாரம்

பில் பாதியில் இருக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பில் தொடரவேண்டும், கேபிளைத் திரும்பச் செருகியதும் ஒரே ஒருமுறை மட்டும் சர்வருக்குப் போகவேண்டும். அடுத்து மின்சாரத்தைப் பிடுங்குங்கள். இரண்டு கவுண்டர்கள் ஆஃப்லைனில் இருக்கும்போது ஒரே பில் எண்ணைப் போடாதபடி கவுண்டருக்கொரு எண் வரிசை இருக்கவேண்டும். இந்த மூன்றும் நிரூபணமாகாமல் பணத்தின் கடைசித் தவணையைத் தராதீர்கள்.

கல்லாப்பெட்டி பிரின்டரோடு கேபிளில் இணைந்திருக்கும். திறப்பது பிரின்டர் அனுப்பும் மின்துடிப்பு. பெட்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, துடிப்பு கேபிளின் எந்தப் பின்னில் வருகிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். புதிய பிரின்டரில் பழைய பெட்டி திறக்காவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேஷியர்களின் விரல்களுக்கு கீபோர்டின் எஃப் விசைகள் (எஃப்1, எஃப்2 போன்றவை) மனப்பாடம். நீளமான பில்லுக்குத் தொடுதிரை கீபோர்டைவிட மெதுவானது, அதைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பழைய விசைகளையே புதியதிலும் அமைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம் போலி டேட்டாவில் பழக்கிவிட்டு, முதல் வாரம் மூன்று நான்கு கவுண்டருக்கு ஒருவர் நின்று உதவட்டும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழையும் பழக்கம் இருந்தால் அதை ஒழிக்க இதைவிட நல்ல நாள் வராது.

முதலில் ஒரே ஒரு கவுண்டர், ஒரு வாரம். அந்த வாரம் அதன் விற்பனை பழைய ஸ்டாக்கில் குறையாது. ஆகவே தினமும் இரவு அதன் பொருள்வாரி மொத்தத்தைப் பழையதில் ஒரே பதிவாகக் கழிக்கவேண்டும். விலை மாற்றம் எதுவும் அந்த வாரம் வேண்டாம். முழுதாக மாறும் நாளில் பழைய மெஷின்கள் இணைப்பிலேயே இருக்கட்டும். எந்த மணிக்குள் சரியாகாவிட்டால் திரும்புவது என்பதை முன்பே எழுதிவையுங்கள், நெரிசல் நேரத்தில் அதை யோசிக்க முடியாது. இரண்டு நாள் பில்கள் ஏறியபின் திரும்புவது மிகவும் கடினம்.

பழைய சர்வரை உடனே விற்காதீர்கள். அதன் முழு நகலை எடுத்து, விர்ச்சுவல் மெஷினாகத் திறந்து ஒரு பழைய பில்லைத் தேடிப் பாருங்கள். உங்கள் நாட்டு வரிச்சட்டம் கணக்கைக் காக்கச் சொல்லும் காலம் முழுவதும் அந்த நகல் இரண்டு இடங்களில் இருக்கட்டும். அதன்பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுதாக அழித்தோ உடைத்தோ அப்புறப்படுத்துங்கள். வாடிக்கையாளர்களின் போன் எண்களும் கடன் கணக்கும் அதில் இன்னும் இருக்கின்றன.